படத்துக்குக் கீழே ஒரு குறிப்பு

பள்ளிக்கூடத்துக்கு வீட்டிலிருந்து யாராவது சாயங்காலம் வரும்படி சொல்லி அனுப்பியிருந்தார்கள். குட்டியின் அம்மாவால் போக முடியாது. மருந்துக்கடையில் அவளுக்கு அந்த வாரம் முழுவதும் மதியத்திலிருந்து இரவு வரை வேலை, மாற்றிவிட ஆளும் இல்லை. "ஏங்க, நீங்க கொஞ்சம் போயிட்டு வந்துடுறீங்களா?" என்று கணவனைக் கேட்டாள். கேட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல் பைக்குள் குடையைத் திணித்தாள். கல்யாணம் ஆகி இன்னும் ஒரு வருஷம் முடியவில்லை. குட்டியின் பள்ளிக்கூடத்துக்கு அவன் இதுவரை போனதே இல்லை.

"அதுக்கென்ன, போயிட்டு வரேன்" என்றான். வாய்தான் அப்படிச் சொன்னது.

குட்டிக்குப் பத்து வயது. அவளைப் பெற்ற அப்பா, அவள் நடக்கப் பழகுவதற்கு முன்பே நோயில் போய்விட்டார். அவர் படம் கூடத்து அலமாரியின் மேல் இருக்கிறது. அதைத் துடைப்பது குட்டியின் வேலை. வேறு யாரும் கை வைக்கக்கூடாது. அம்மா மறுபடி கல்யாணம் செய்துகொண்டபோது குட்டி அழவும் இல்லை, அடம்பிடிக்கவும் இல்லை. ஒன்றே ஒன்றை மட்டும் பெரிய மனுஷி போலச் சொல்லிவிட்டாள்: "எனக்கு அப்பா ஏற்கெனவே இருக்காரு."

சரி, அப்பா வேண்டாம், சித்தப்பா என்று கூப்பிடு, மாமா என்று கூப்பிடு என்று அம்மா என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். எதுவும் அந்த வாயில் ஒட்டவில்லை. அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் குட்டி எதிரே வந்து நின்று, "இங்க பாருங்க" என்பாள். அவன் பார்ப்பான். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அவனும் பதிலுக்கு அவளைக் கண்ணு, செல்லம் என்றெல்லாம் கூப்பிட்டதில்லை. நாக்கு நுனி வரை வரும். கேட்காமல் உரிமை எடுத்துக்கொண்டதாகிவிடுமோ என்று மென்று விழுங்கிவிடுவான்.

அவன் வேலை பார்ப்பது மேசை, கட்டில், அலமாரி செய்யும் கம்பெனியில். அந்தச் சாமான்கள் பலகை பலகையாக அட்டைப்பெட்டியில் அடைத்து விற்கப்படும். வாங்குகிறவர்கள் வீட்டில் பிரித்துத் தாங்களே பொருத்திக்கொள்ள வேண்டும். எப்படிப் பொருத்துவது என்று காட்ட உள்ளே ஒரு தாள் இருக்குமே, அதை வரைவதுதான் அவன் தொழில். அந்தத் தாளில் மருந்துக்குக்கூட ஓர் எழுத்து இருக்காது. எந்த மொழிக்காரர் வாங்கினாலும் அதே தாள்தான். எந்தத் திருகாணி எந்த ஓட்டையில் போகும், எந்தப் பலகை எந்தப் பக்கம் திரும்பும் என்று எல்லாவற்றுக்கும் அம்புக்குறிதான். அதனால் கம்பெனியில் அவனுக்கு அம்புக்குறி என்றே பெயர் விழுந்துவிட்டது. அவனுக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு. எழுத்தே இல்லாமல் ஊர் உலகத்துக்கெல்லாம் புரியவைக்கிறவன் அல்லவா!

பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவனை ஒரு சின்ன நாற்காலியில் உட்காரச் சொன்னார். முழங்கால் நெஞ்சில் இடித்தது. டீச்சருக்கு அவனைவிட வயது குறைவுதான். முன்கையெல்லாம் சாக்பீஸ் தூள்.

"நீங்க குட்டிக்கு..." என்று இழுத்தார் டீச்சர்.

"வீட்டுலேருந்து வந்திருக்கேன்" என்றான் அவசரமாக.

டீச்சர் மேற்கொண்டு கேட்கவில்லை. குட்டியைக் கூப்பிட்டு ஒரு பாடத்தை வாசிக்கச் சொன்னார். மேட்டு நிலத்துக்குப் போகும் கால்வாயில் படகு எப்படி ஏறுகிறது என்பது பாடம். குட்டி புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடகடவென்று வாசித்தாள். ஒரு திக்கல் இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை. குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டியது. அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. இதற்கா வரச்சொன்னார்கள்?

"ரொம்ப நல்லா வாசிச்சே. சரி, படகு எப்படி மேல ஏறுச்சு?" என்று கேட்டார் டீச்சர்.

குட்டியின் விரல் பக்கத்தில் ஓடியது. 'படகு மேலே' என்று வந்த இடத்தைக் கண்டுபிடித்து அந்த வரியை அப்படியே வாசித்தாள். டீச்சர் மெல்லப் புத்தகத்தை மூடி, "இப்ப புத்தகத்தைப் பார்க்காம, உனக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்லும்மா" என்றார்.

குட்டி தன் காலணியின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் சிவந்துவிட்டது. அவனுக்கு எழுந்து போய் அவள் முன்னால் மறைத்து நின்றுகொள்ளலாம் போல் இருந்தது.

டீச்சர் அவளை வெளியே விளையாட அனுப்பிவிட்டுச் சொன்னார்: "எனக்கே இத்தனை நாள் தெரியாமப் போச்சு. அவ்வளவு நல்லா வாசிக்கிறா. ஆனா வாய்தான் வாசிக்குது. உள்ள ஒண்ணும் போய்ச் சேரலை. கேள்வி கேட்டா, கேள்வில இருக்கிற வார்த்தை பாடத்துல எங்க இருக்கோ அந்த வரியை எடுத்து எழுதிடுவா. பாதி நேரம் அது சரியாவும் இருக்கும். வீட்டுல யாராவது பக்கத்துல உக்காந்தா நல்லது."

"நான் உக்காருறேன்" என்றான். சொல்லிவிட்ட பிறகுதான் எப்படி என்று யோசித்தான்.

திரும்பி வரும்போது குட்டி எப்போதும் போலக் கொஞ்சம் முன்னால் நடந்தாள். சாலை கடக்கும் இடத்தில் நின்று, "இங்க பாருங்க. அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்றாள்.

"அம்மா கேப்பாங்களே."

குட்டி யோசித்தாள். "அப்ப கொஞ்சமா சொல்லுங்க."

கொஞ்சமாகவே சொன்னான்.

மறுநாள் மதிய இடைவேளையில், சாப்பாட்டுப் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, கால்வாய்ப் பாடத்தைத் தன் பாணியில் வரைந்தான். முதல் கட்டத்தில் படகு இரண்டு கதவுகளுக்கு நடுவே வந்து நிற்கிறது. அடுத்ததில் பின்கதவு மூடிக்கொள்கிறது. அடுத்ததில் மேலிருந்து தண்ணீர் உள்ளே வர, படகு உயர்கிறது. கடைசியில் முன்கதவு திறக்க, படகு மேட்டுக் கால்வாயில் போகிறது. எல்லாவற்றுக்கும் அம்புக்குறி. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னப்பா, கம்பெனி படகும் விக்கப்போகுதா?" என்று கேட்டார்.

சாயங்காலம் அந்தத் தாளைக் குட்டியின் முன்னால் வைத்தான். அவள் விரல் அம்புக்குறிகளின் மேல் நடந்தது. கடைசிக் கட்டத்துக்குப் போய், மறுபடி முதல் கட்டத்துக்கு வந்தது. "ஓ! தண்ணிதான் படகைத் தூக்குதா!" என்று கத்தினாள். கத்தியபோது அவன் கையைப் பிடித்துவிட்டாள். உடனே விட்டும்விட்டாள். ஆனால் பிடித்தது பிடித்ததுதான்.

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு பாடத்தையும் வரைய ஆரம்பித்தான். தேனீக்களின் வீடு, நாணயம் பிறந்த கதை, கண்ணாடி செய்யும் விதம் என்று எது வந்தாலும் அம்புக்குறி பாய்ந்தது. குட்டி அவற்றைச் சுவரில் ஒட்டினாள். சுவர் ஒரு கடை மாதிரி ஆகிவிட்டது. மனைவி வேலையிலிருந்து வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து நின்றாள். "என்னங்க இது, கல்யாண வீடு மாதிரி ஜோடிச்சு வெச்சிருக்கீங்க?" என்று கேலி செய்தாள். குரலில் சந்தோஷம் பொங்கியது.

பரீட்சை வந்தது. பரீட்சை முடிந்து, டீச்சர் மறுபடியும் வரச்சொன்னார். இந்தத் தடவை அவன் தானாகவே, "நான்தான் போவேன்" என்று கிளம்பினான். பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு சட்டையைக்கூடத் தேய்த்துப் போட்டிருந்தான்.

டீச்சர் ஒரு விடைத்தாளை நீட்டினார். 'தம்பி வரும் கப்பல்' என்ற கதையிலிருந்து ஒரு கேள்வி. கப்பல் வந்து நின்றபோது அக்காவின் மனநிலை எப்படி இருந்தது? குட்டி அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள்: 'அக்கா மிகவும் மகிழ்ச்சியாக இருந்தாள். அவள் சிரித்தாள்.'

"இந்தக் கதைக்கும் நீங்க படம் வரைஞ்சு கொடுத்தீங்களா?" என்று கேட்டார் டீச்சர்.

வரைந்திருந்தான். துறைமுகத்தில் அக்கா நிற்கிறாள், எதிரே கப்பல், கப்பலிலிருந்து அக்காவை நோக்கி ஓர் அம்புக்குறி. அக்காவின் முகத்தில் சிரிப்பு. கம்பெனித் தாள்களில் அலமாரி பொருத்துகிற ஆள் எப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருப்பான். சிரிக்காவிட்டால் வாங்கினவர் பயந்துபோவார் என்பது மேலாளரின் கட்டளை. பல வருஷமாக அந்த ஒரே முகத்தை வரைந்து வரைந்து அவன் கைக்கு வேறு முகம் வராது.

"அந்தக் கதையை நீங்க படிச்சீங்களா?"

அவன் விழித்தான். தலைப்பைப் படித்திருந்தான். முதல் சில வரிகளையும் படித்திருந்தான். தம்பி வருகிறான், அக்கா காத்திருக்கிறாள், அது போதுமென்று வரைந்துவிட்டான்.

"தம்பி அந்தக் கப்பல்ல வரலைங்க" என்றார் டீச்சர் மெதுவாக.

அவன் ஆடிப்போய்விட்டான். டீச்சர் இன்னொரு பக்கத்தையும் காட்டினார். புதிதாகக் கொடுத்த பத்தி ஒன்றுக்குக் குட்டி பதிலே எழுதவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "இதுக்குப் படம் இல்லையே டீச்சர்" என்றாளாம்.

"அப்ப நான் வரையறதை நிறுத்திடுறேன்."

"ஐயோ, நிறுத்தச் சொல்லலை. கால்வாய்ப் பாடத்துக்கு நீங்க வரைஞ்சதை நானே வகுப்புல மாட்டினேன். பாதிப் பேருக்கு அதைப் பார்த்தப்புறம்தான் புரிஞ்சுது. ஆனா குட்டி படத்தைப் பார்த்ததும் பாடத்தை மூடி வெச்சுடுறா. படத்தைப் பார்த்துட்டுத் திரும்ப எழுத்துக்கு வரணும். அதுக்கு ஏதாவது வழி பண்ணுங்க. எனக்கும் முழுசாத் தெரியலை. சேர்ந்து பார்ப்போம்."

வீட்டுக்கு வந்தபோது சுவர் காலியாக இருந்தது. குட்டி எல்லாத் தாள்களையும் கிழித்து எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தாள். பசை ஒட்டியிருந்த இடங்களில் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது.

"உங்க படத்தாலதான் தப்பாப் போச்சு" என்றாள். 'இங்க பாருங்க'கூட இல்லை.

"ஆமா. என்னோட தப்புதான்" என்றான்.

குட்டி அதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு வரிந்துகட்டிக்கொண்டு நின்றவளுக்கு எதிரில் ஆள் இல்லாத மாதிரி ஆகிவிட்டது. அவன் கட்டிலுக்கு அடியிலிருந்து துறைமுகப் படத்தைத் தேடி எடுத்து மேசைமேல் வைத்தான். பக்கத்தில் பென்சிலும் ரப்பரும் புத்தகமும்.

"நான் கதையைப் படிக்காமலே வரைஞ்சுட்டேன். நீ படிச்சுப் பார்த்து எங்கெங்க தப்புன்னு சொல்லு. திருத்திக் கொடுக்கிறேன்."

"எனக்கு வேணாம்." கையைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் வற்புறுத்தவில்லை. சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் துலக்க ஆரம்பித்தான். துலக்கியதையே மறுபடி துலக்கினான். கூடத்திலிருந்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அப்புறம் ரப்பர் தேய்க்கும் சத்தம். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"இங்க பாருங்க."

ஈரக்கையோடு வந்து பார்த்தான். அக்காவின் சிரிப்பை அழித்திருந்தாள். தாள் கிழிந்துவிடும் அளவுக்கு அழுத்தி அழித்திருந்தாள். முகத்தில் வாய் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது.

"வாய் எப்படி இருக்கணும்னு தெரியலை."

"புத்தகத்துல என்ன போட்டிருக்கு?"

அவள் வாசித்தாள். குழாய்த் தண்ணீர் மாதிரி இல்லை, தேடிக்கொண்டே வாசித்தாள். ஒரு வரியில் நின்றாள், பின்னால் போனாள், மறுபடி வந்தாள். "வாயைப் பத்தி ஒண்ணுமே போடலை."

"வேற என்ன போட்டிருக்கு?"

"'கடைசி ஆளும் இறங்கிப் போன பிறகும் அவள் ஏணியையே வெறித்துக்கொண்டிருந்தாள்.' வெறிச்சுன்னா என்ன? கோவமா?"

"கோவம் இல்லை. கண்ணு அங்கேயே இருக்கும். ஆனா எதையும் பார்க்காது."

குட்டி ஜன்னல் பக்கம் திரும்பி அப்படிப் பார்த்துப் பார்த்தாள். பிறகு அவள் முகம் மாறியது. "கடைசி ஆளும் இறங்கிட்டாங்கன்னா... அப்ப தம்பி?" பக்கத்தைப் புரட்டினாள். விரல் வேகமாக ஓடியது. "தம்பி வரலையா? வரவே இல்லையா?"

அந்தக் கதையை அவள் எத்தனையோ தடவை சத்தமாக வாசித்திருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பாள். ஆனால் தம்பி வரவில்லை என்ற சேதி அன்றைக்குத்தான் அவளுக்குக் கிடைத்தது. அவளைப் பார்க்க அவனுக்கே பாவமாக இருந்தது.

குட்டி பென்சிலை அவன் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "வாய் வேணாம். அக்கா திரும்பி நிக்கிற மாதிரி வரைங்க. முதுகு மட்டும் போதும்."

அவன் பென்சிலை எடுத்தான். அலமாரிகளின் முதுகை வரைந்திருக்கிறான். மனுஷரின் முதுகை வரைந்ததே இல்லை. தோள் எப்படி இருக்க வேண்டும், கையை எங்கே வைப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். அவள் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள், காற்று அடிக்கிறது, முடி கலைந்திருக்கிறது. வரைந்து முடித்தபோது அம்புக்குறி எங்கேயும் இல்லை. அப்படியும் எல்லாம் புரிந்தது.

அதுவே வழக்கமாகிவிட்டது. இனி அவனாக எதையும் வரைவதில்லை. குட்டி படிப்பாள், ஒரு பத்தி முடிந்ததும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்ன நடந்தது என்று சொல்வாள், அவள் சொன்னதை மட்டும் அவன் வரைவான். விட்டுப்போனதை இட்டுநிரப்ப மாட்டான். "ஒரு ஆள் பெட்டியோட மாடிப்படி ஏறுறாரு" என்று ஒரு நாள் சொன்னாள். அவன் அந்த ஆளையும், கையைக் காலை முளைக்கவைத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே படியேறும் ஒரு பெட்டியையும் வரைந்தான்.

குட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். "பெட்டி எங்கயாவது நடக்குமா?"

"நீதானே சொன்னே, பெட்டியோட ஏறுறாருன்னு. என் மேல பழி போடாதே."

"தோள்ல தூக்கிட்டு ஏறுறாரு!"

"புத்தகத்துல அப்படியா போட்டிருக்கு?"

புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தாள். "தோள்ல இல்லை... தலையில!" என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

படத்துக்குக் கீழே என்ன நடக்கிறது என்று ஒரு வரி எழுத வேண்டும். அது அவள் சொந்த வரியாக இருக்க வேண்டும், புத்தகத்து வரியாக இருக்கக்கூடாது. இது டீச்சர் சொல்லிக்கொடுத்தது. தெரியாத வார்த்தை வந்தால் சின்னத் துண்டுத்தாளில் அதன் பொருளை எழுதி ஓரத்தில் ஒட்டுவாள். முதலில் புத்தகம் முழுக்கத் துண்டுத்தாளாகத் தொங்கியது. போகப்போகக் குறைந்தது. சில நாள் படமே தேவைப்படவில்லை. பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு காத்திருப்பான். "இதுக்கு வேணாம், எனக்கே தெரியுது" என்று சொல்லிவிடுவாள். அவனுக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருக்கும்.

வருஷக் கடைசியில் டீச்சர் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தார். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டைப் பற்றி ஒரு பக்கம் செய்ய வேண்டும். அந்த வீட்டையே பார்த்திராத பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் படித்தால் புரிய வேண்டும். படம் இருக்கலாம், எழுத்து இருக்கலாம், எது வேண்டுமானாலும் இருக்கலாம்.

குட்டி பெரிய தாளில் வீட்டை மேலிருந்து பார்ப்பது போல வரைந்தாள். அவனிடம் உதவி கேட்கவில்லை. ஒவ்வொரு அறையிலும் ஆட்களை வைத்தாள். ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் அம்புக்குறி, அதன் முனையில் ஒரு பெயர். சமையலறையில் 'அம்மா'. கட்டிலில் படுத்துக்கொண்டு படிப்பது 'நான்'. அலமாரி மேல் 'அப்பா (புகைப்படத்தில்)'. ஜன்னலோரத்து மேசையில் கண்ணாடி போட்ட ஓர் ஆள் குனிந்து வரைந்துகொண்டிருந்தார். அவருக்கும் அம்புக்குறி இருந்தது. அதன் முனையில் ஒன்றும் இல்லை.

மேசையைத் துடைக்கும்போதெல்லாம் அந்தத் தாள் அவன் கண்ணில் பட்டது. நாளுக்கு நாள் மற்ற இடங்களில் வண்ணம் ஏறியது. அந்த இடம் மட்டும் அப்படியே இருந்தது. அவன் எதுவும் கேட்கவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் மனைவி தன்னோடு கடையில் வேலை பார்க்கும் பெண் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். "கவலைப்படாதீங்க, மழை வந்தா எங்க வீட்டுக்காரர் வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாரு" என்றாள். குட்டி தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். பிறகு தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பக்கங்களைச் சுவரில் மாட்டிய நாளில் மனைவிக்கு விடுமுறை கிடைத்தது. மூவரும் சேர்ந்தே பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். வாசலிலேயே டீச்சர் சிரித்துக்கொண்டு வந்தார். குட்டி, "டீச்சர், சொல்லாதீங்க" என்றாள். டீச்சர் சொல்லிவிட்டார்.

குட்டி அந்த அம்புக்குறியின் முனையில் 'அம்மாவின் வீட்டுக்காரர்' என்று எழுதியிருந்தாளாம். அதைப் படித்த பக்கத்து வகுப்புப் பிள்ளைகள், "உங்க வீட்டு ஓனர் உங்க கூடவே குடியிருக்காரா?" என்று கேட்டார்களாம். ஒரு பையன், "வாடகை எவ்வளவு வாங்குறாரு?" என்று கேட்டிருக்கிறான். குட்டிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. யாருக்கும் படிக்கவே தெரியவில்லை என்று டீச்சரிடம் புகார் கொண்டு போனாள்.

"படிக்கிறவங்களுக்குப் புரியலைன்னா, எழுதினவங்கதானே கொஞ்சம் உதவி பண்ணணும்னு சொன்னேன். அவளே யோசிச்சு ஒண்ணு பண்ணிட்டா. போய்ப் பாருங்க" என்றார் டீச்சர்.

மனைவி முன்னால் போனாள். அவன் பின்னால் நின்று அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தான். 'அம்மாவின் வீட்டுக்காரர்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரம். தாளின் அடியில், கோடு போட்டுப் பிரித்த இடத்தில், இன்னொரு நட்சத்திரமும் ஒரு குறிப்பும்:

'இவர் வாடகை வாங்க மாட்டார். எங்களோடு சாப்பிடுவார். நான் படித்துச் சொல்வதைக் கேட்டு வரைவார். தப்பு என்று சொன்னால் அழித்துவிட்டு மறுபடி வரைவார், கோபப்பட மாட்டார். இவரை எப்படிக் கூப்பிடுவது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.'

மனைவி முதலில் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சட்டென்று அடுத்த பிள்ளையின் பக்கத்தைப் பார்ப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு பைக்குள் கைக்குட்டையைத் தேடினாள்.

அவன் அந்தக் குறிப்பைப் படித்தான். படித்து முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தான். எழுத்து கொஞ்சம் கலங்கித் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தான்.

"புரியுதா?" என்று பக்கத்தில் குரல் கேட்டது. குட்டி கொஞ்சம் சந்தேகத்தோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாப் புரியுது, கண்ணு" என்றான். வாய் தவறி வந்துவிட்டது. குட்டி தலையை ஆட்டிவிட்டு, "வாங்க, வாடகை கேட்டவனோட வீட்டைக் காட்டுறேன். அவன் வீட்டுல கதவே வரைய மறந்துட்டான்" என்று அவன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

விடுமுறை வந்தது. ஒரு மழை நாளில் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். அவன் ஒரு புதிய அடுக்குக் கட்டிலுக்கான தாளை வீட்டிலேயே வைத்து வரைந்துகொண்டிருந்தான். ஏணியைக் கட்டிலோடு எப்படி இணைப்பது என்று காட்டுவது பெரிய தலைவலியாக இருந்தது. குட்டி கட்டிலில் குப்புறப் படுத்துப் பள்ளிக்கூட நூலகத்திலிருந்து கொண்டுவந்த ஒரு புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல் படித்தாள். இப்போதெல்லாம் அப்படித்தான்.

வெகுநேரம் பக்கம் புரளும் சத்தமே கேட்கவில்லை என்பது அவனுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. திரும்பிப் பார்த்தான். குட்டி புத்தகத்தின்மேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

பதறிப்போய் எழுந்தான். பென்சில் உருண்டு விழுந்தது. "என்னம்மா ஆச்சு? வயிறு வலிக்குதா? எங்கயாவது இடிச்சுக்கிட்டியா?"

இல்லை என்று தலையாட்டினாள். விக்கலுக்கு நடுவே, "கழுதையை வித்துட்டாங்க" என்றாள்.

"எந்தக் கழுதையை?"

"கலங்கரை விளக்கத்துக் கழுதையை. அது தினமும் மேல தண்ணி தூக்கிட்டுப் போகும். குழாய் போட்டுட்டாங்க. இனிமே அது எதுக்குன்னு வித்துட்டாங்க. அது போகும்போது வழக்கமா நிக்கிற இடத்துல நின்னுச்சு. குடத்தை ஏத்துவாங்கன்னு நினைச்சு நின்னுச்சு. யாரும் ஏத்தலை."

அவன் புத்தகத்தை எடுத்துப் பார்த்தான். அட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு படம்கூட இல்லை. எழுத்து மட்டும்தான். பொடி எழுத்து.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். குட்டி நகர்ந்து வந்து அவன் கையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். மூக்கை அவன் சட்டைக் கையில் துடைத்தாள். "நீங்களும் படிங்க. அப்பதான் தெரியும்" என்றாள்.

படித்தான். இந்த முறை தலைப்போடு நிறுத்தவில்லை. அவன் நிதானமாகத்தான் படிப்பான். குட்டிக்கு அது பொறுக்கவில்லை. "அந்த இடம் வந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "இன்னும் இல்லை, சும்மா இரு" என்றான். கழுதை தன் இடத்தில் வந்து நின்று பின்னால் திரும்பிப் பார்க்கும் பக்கத்துக்கு வந்தபோது அவனும் பக்கத்தைப் புரட்டாமல் உட்கார்ந்துவிட்டான். குட்டி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மேற்கொண்டு கேட்கவில்லை.

மனைவி நனைந்த குடையோடு உள்ளே வந்தபோது விளக்குக்கூடப் போடவில்லை. இருவரும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன இது, இழவு விழுந்த வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க? என்ன ஆச்சு?"

"கழுதையை வித்துட்டாங்க" என்றான் அவன்.

"எந்தக் கழுதையை?" மனைவி கணவனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். இரண்டு பேரின் மூக்கும் சிவந்திருந்தது. "ரெண்டு பேருக்கும் என்ன, காய்ச்சலா?"

"சொன்னா புரியாதும்மா, நீயே படி" என்று குட்டி புத்தகத்தை நீட்டினாள். "மெதுவாப் படிக்கணும். நடுவுல ஏதாவது வார்த்தை தெரியலைன்னா எங்களைக் கேளு."

மனைவி விளக்கைப் போட்டாள். குடையை மூலையில் சாய்த்துவிட்டு, பையைத் தோளிலிருந்து இறக்காமலே இருவருக்கும் நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்தாள். சும்மா ஒரு பக்கம் பார்த்துவிட்டு எழுந்து போய்ச் சமைக்கலாம் என்றுதான் திறந்தாள். அன்று அந்த வீட்டில் அடுப்பு பற்றவைக்க ரொம்ப நேரமாகிவிட்டது.